வீட்டுத் தெலுங்கு

அனுசுயாவை டீச்சர் என்று கூப்பிடாத ஒரே இடம் கல்வித் துறைதான். கே.ஜி.கண்டிகை டீக்கடைக்காரர் டீச்சர் என்கிறார், பஸ் கண்டக்டர் டீச்சர் என்கிறார், ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் கங்காதரனே நாலு பேர் முன்னால் "டீச்சரைக் கேட்டுச் சொல்றேன்" என்றுதான் பேசுவான். அரசாங்கத்துக்கு மட்டும் அவள் இன்னும் விண்ணப்பதாரர். நாற்பதைத் தொட்டுவிட்ட விண்ணப்பதாரர்.

என் பெயர் மெஹபூப் பாஷா. திருத்தணி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மெக்கானிக்குகள். கையில் கிரீஸ் படாமல் பிழைக்கிறவன் நான் ஒருத்தன்தான். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா என்று நாள் முழுக்க ஜனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அதில் பாவப்பட்ட கூட்டம் எது என்றால் தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு அலைகிறவர்கள்தான். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற வேலை. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம் இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு, அப்புறம் தகுதித் தேர்வு. தகுதி இருக்கிறது என்று தேர்வு வைத்து அவர்களே சொன்ன பிறகும் ஒரு போட்டித் தேர்வு. அதையும் தாண்டினால் சான்றிதழ் சரிபார்ப்பு, கடைசியில் கலந்தாய்வு. மலைக்கோயிலுக்கு வருகிறவர்களுக்காவது படி எங்கே முடியும் என்று தெரியும். இவர்களுக்கு ஏற ஏற மேலே கட்டிக்கொண்டே போகிறார்கள். இந்தப் பேச்சை நான் எடுத்தாலே என் மனைவி நிஷாத் பேகம் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

அனுசுயாவின் அப்பா கோதண்டம் விவசாயக் கூலி. கரும்பு வெட்டியும் நெல் அறுத்தும் குடும்பத்தை ஓட்டியவர். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எங்கள் பக்கத்தில் அது அதிசயமே இல்லை. கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. பெண் எடுப்பது அங்கே, காய்கறி விற்பது இங்கே. அப்பாவுக்கு நைனா, அத்தை மகனுக்குப் பாவா. வீட்டுக்குள் தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு, தெருவுக்கு வந்து தமிழில் நியாயம் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் அனுசுயா படித்தது முழுக்கத் தமிழ். தெலுங்கில் ஓர் எழுத்து தெரியாது. நகரிக்குப் போகிற ஆந்திரா பஸ்ஸில் அந்த வீட்டில் எல்லோரும் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் டீச்சர் வேலைக்குத்தான் படிப்பேன் என்று அவள் நின்றாள். அரசு நிறுவனத்தில் தமிழ்வழியில் இடம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் முளைத்திருந்தன. அப்படி ஒன்றில் தெலுங்குவழிப் பிரிவு காலியாகக் கிடப்பதாகக் கோதண்டம் கேள்விப்பட்டார். எல்லையோரத்துத் தெலுங்குப் பள்ளிகளுக்கு ஆள் கிடைப்பதில்லை, அதில் படித்தால் உடனே வேலை என்றும் டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோதண்டம் யோசிக்கவே இல்லை. நாம்ப ஊட்ல பேசறது தெலுங்குதானே, அப்புறம் இன்னா கஷ்டம் என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். இடம் நிரம்பினால் போதும் என்று இருந்த நிறுவனமும், இந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவளா என்று கேட்கவில்லை.

இதை முட்டாள்தனம் என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்களாக இருக்க முடியாது. வீட்டில் பேசுகிற மொழிக்குச் சான்றிதழ் வேண்டும் என்று இங்கே யாருக்குத் தோன்றும்? எங்கள் வீட்டில் உருது பேசுகிறோம். உருதுவழியில் சேர்த்தால் உடனே வேலை என்று என்னிடம் யாராவது சொல்லியிருந்தால், என் மகள் பர்ஹீனை நானும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்திருப்பேன். சொல்ல ஆள் இல்லாததால் அவள் தப்பித்தாள்.

பயிற்சியில் முதல் வாரம் அனுசுயா அழுதுகொண்டுதான் இருந்தாளாம். விரிவுரையாளர் சொல்வதெல்லாம் புரிகிறது, பலகையில் எழுதுவது ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பு எடுக்க, இவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒண்ணாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். தமிழில் ஒரு 'க' இருக்கிறது, அதை வைத்துக் கடலும் சொல்லலாம் கங்கையும் சொல்லலாம். தெலுங்கில் அதற்கு நாலு எழுத்து. இவள் நாக்குக்கு நாலும் தெரியும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தொண்டையில் கையை வைத்து, எந்தச் சத்தத்துக்கு உள்ளே அதிர்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுத்தைப் பிடித்தாள். பகலில் குழந்தைகளுக்கு எழுத்து எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பாடம். விடுதிக்கு வந்தால் அதே எழுத்தைத் தானே கற்றுக்கொள்ளும் பாடம். அப்படி ஒரு பயிற்சியை எந்த நிறுவனமும் திட்டம் போட்டுக் கொடுக்க முடியாது.

இரண்டாம் வருஷம் கற்பித்தல் பயிற்சிக்கு எல்லையோர கிராமம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சீருடைப் புடவை, கையில் சார்ட் அட்டை, முதுகுக்குப் பின்னால் மதிப்பெண் போட உட்கார்ந்திருக்கிற விரிவுரையாளர். இவள் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளை எல்லாம் தொண்டையில் கை வைக்கச் சொன்னாளாம். வகுப்பு முழுக்க 'க'வும் 'க'வுமாகக் கத்திச் சிரித்திருக்கிறது. விரிவுரையாளர் சத்தம் அதிகம் என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். ஆனால் அன்றைக்குத்தான் தனக்கு இந்த வேலை வரும் என்று தெரிந்தது என்பாள்.

அதற்கப்புறம் நடந்ததை விவரமாகச் சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். பட்டயம் வாங்கி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். பதிவு மூப்புப்படி வேலை என்றார்கள். மூப்பு நெருங்கி வருகிற நேரத்தில், இனிமேல் தகுதித் தேர்வு எழுதணும் என்றார்கள். முதல் தடவை ஊரே தோற்றது, இவளும் தோற்றாள். அடுத்த தடவை தேறினாள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மதிப்பெண்ணை வாரி வழங்கிய காலத்தில் படித்த சின்னப் பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள். பிறகு அந்தக் கணக்கும் வேண்டாம், தனியாகப் போட்டித் தேர்வு என்றார்கள். அது வருவதற்கும் வருஷக்கணக்கில் காத்திருந்தாள். இதற்குள் கல்யாணம், ஒரு மகள், திருத்தணியில் ஒரு நர்சரி பள்ளியில் வேலை எல்லாம் ஆகிவிட்டது.

ஒரே ஒரு நல்லது நடந்தது. அவள் பயிற்சி எடுத்த அதே எல்லையோரப் பள்ளியில் தெலுங்குப் பிரிவு டீச்சர் ஓய்வு பெற்றுவிட, ஆள் வரும்வரை பள்ளி மேலாண்மைக் குழு மூலமாக இவளைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளியில் அப்போது பிள்ளைகள் குறைவு. அங்கே வருகிறவை செங்கல் சூளைக்கும் வயலுக்கும் போகிறவர்களின் குழந்தைகள். வீட்டில் தெலுங்கு தவிர வேறு பேச்சு கேட்காதவை. பள்ளிக்கு வந்தால் வாயே திறக்காமல் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அனுசுயா அவர்களோடு அவர்கள் அம்மா பேசுகிற மாதிரி பேசினாள். அந்த இடம் நிரந்தரமாகத் தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

போட்டித் தேர்வுக்கு அவளும் என் மகள் பர்ஹீனும் ஒரே நேரத்தில் படித்தார்கள். பர்ஹீன் தமிழ்வழியில் பட்டயம் முடித்துத் தகுதித் தேர்வும் தேறியிருந்தாள். பள்ளி விட்டதும் அனுசுயா என் கடைக்கு வந்துவிடுவாள். இரண்டு பேரும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தை எப்படிக் கற்கிறது என்று எந்த வெளிநாட்டுக்காரர் எந்த வருஷம் சொன்னார் என்பதை மனப்பாடம் செய்வார்கள். வயதில் அத்தனை வித்தியாசம் இருந்தும் ஒருத்திக்கொருத்தி துணை. அனுசுயாவின் விண்ணப்பத்தையும் நான்தான் போட்டேன். தெலுங்குவழி இடம் என்று தேர்ந்தெடுத்தோம். பள்ளியில் எந்த மொழி படித்தாய் என்று அதில் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும்.

இரண்டு பேரும் தேறினார்கள். அன்று சாயங்காலம் கோதண்டம் ஜிலேபிப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தார். வயதாகி நடையே தள்ளாடுகிற மனுஷன். "நான் அன்னிக்கே சொன்னேன் பாய். தெலுங்குல சேத்ததாலதான் இப்பவாச்சும் வந்துச்சு" என்றார். பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார்.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு மூன்று பேரும் மின்சார ரயிலில் போனோம். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே பர்ஹீனின் மேஜைக்கு அடுத்த மேஜை அனுசுயாவுடையது. நடந்ததைப் பர்ஹீன்தான் எனக்குச் சொன்னாள்.

அதிகாரி காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டியிருக்கிறார். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் மொழிப்பாடம் தமிழ்தான் இருக்கிறது, தெலுங்கு எங்கே படித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். பயிற்சியில் படித்தேன், தகுதித் தேர்விலும் தெலுங்கு எடுத்துத்தான் தேறினேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அது போதாது, பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும் என்றிருக்கிறார் அவர்.

"ஊட்ல பேசறது தெலுங்குதாங்க சார். எந்தப் புத்தகம் வோணும்னாலும் குடுங்க, படிச்சுக் காட்டறேன்."

"தெரியுமான்னு நான் கேக்கலம்மா. பள்ளிக்கூடத்துல படிச்சீங்களான்னு கேக்கறேன்."

அவர் கெட்டவர் இல்லை என்று பர்ஹீன் சொல்கிறாள். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார், எழுந்து போய் மேலதிகாரியிடமும் பேசிப் பார்த்தார். திரும்பி வந்து தலையை ஆட்டினார். தமிழ்வழி இடத்துக்காவது போகலாமா என்று இவள் கேட்டதற்கு, தகுதித் தேர்வில் தெலுங்கை எடுத்துவிட்டதால் அதுவும் முடியாது என்றார். வேண்டுமானால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தெலுங்கு எழுதித் தேறி, அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

பதினெட்டு வயதில் அழுது அழுது படித்த மொழி. அதை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பிறகு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதிவிட்டு வா என்கிறார்கள். எனக்கு உள்ளே போய்ச் சத்தம் போடணும் போல இருந்தது. வெளியே வந்து சொன்ன பர்ஹீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவளுடைய காகிதங்கள் இன்னும் உள்ளே மேஜையில் இருந்தன. நான் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும் ரயிலில் அனுசுயா அழவில்லை. திருவாலங்காடு தாண்டுகிறவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"பாய், நைனாகிட்ட மட்டும் காரணத்தைச் சொல்லிடாதீங்க. இடம் கொறைஞ்சிபோச்சின்னு சொல்லிக்கறேன்."

சரி என்றேன். வேலை போனதைவிட அவளுக்கு அதுதான் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷமும் அந்த மனுஷன் தன் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அந்தச் சேர்க்கையைத்தான். அதுதான் மகளைக் கவிழ்த்தது என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார்.

கோதண்டம் விடுகிற ஆள் இல்லை. சில நாள் கழித்துக் கடைக்கு வந்தார். கூட்டம் போகிறவரை ஓரமாக நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இடம் குறைந்துவிட்டது என்று மகள் சொன்னதை அவர் முழுசாக நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நான் சேத்துவுட்டதுல ஒண்ணும் தப்பு இல்லியே பாய்?"

"இல்லீங்க. நீங்க சேத்தது சரிதான். எடம்தான் இல்ல" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "ஆங், அப்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். பொய் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் நம்பினாரா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

அந்த எல்லையோரப் பள்ளிக்குத் தெலுங்குவழியில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று மேலே எழுதினார்கள். தகுதியான ஆள் அங்கே பலகை முன்னால் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகளும் குறைவு என்பதால் அந்த இடத்தைத் தமிழ்வழிக்கு மாற்றிவிட்டார்கள். ஒண்ணாம் வகுப்பில் இனிமேல் தமிழ்தான். பர்ஹீனுக்குக் கலந்தாய்வு வந்தபோது, திருத்தணிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. மற்றவை எல்லாம் மாவட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தன.

பட்டியல் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. பர்ஹீன் சோறு தின்னவில்லை. அந்த இடத்தை எடுக்கமாட்டேன், தூரமாக எங்கேயாவது போகிறேன் என்றாள். நிஷாத் தட்டை எடுத்து வைத்தாள். மகளுக்கு அரசாங்க வேலை கிடைத்த வீடு மாதிரியே இல்லை, யாரோ செத்துப்போன வீடு மாதிரி இருந்தது. மறுநாள் பர்ஹீனே அனுசுயாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவள் சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்தாள்.

"நீ எடுத்துக்க பர்ஹீன். நீ வரலேன்னா வேற யாரோ வருவாங்க. அந்தப் பசங்க கிட்ட கத்தாத ஆளு நீதான்" என்றாள்.

பர்ஹீன் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அனுசுயா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, ஒரு கவர்மெண்ட் டீச்சர் இப்டியா அழுவாங்க என்றாள்.

பர்ஹீன் பணியில் சேர்ந்த அன்று நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். அனுசுயா எங்களுக்கு முன்னால் வந்து வகுப்பறையைக் கூட்டிப் பலகையைத் துடைத்து வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கடைசி நாள். நிரந்தர ஆசிரியர் பணியில் சேருகிறபோது தற்காலிகமானவர் நின்றுவிட வேண்டும். அதற்கு ஆணை எல்லாம் கிடையாது, தலைமையாசிரியை வாயால் சொன்னால் போதும். அந்த அம்மாவும் சங்கடத்தில் நெளிந்து, இன்னிக்கு ஒரு நாள் கூட இருந்து பிள்ளைகளைப் பழக்கிவிட்டுப் போங்க என்றார்.

பிள்ளைகள் வருவதற்குள் அனுசுயா என் மகளை வராந்தாவில் நிறுத்தி வார்த்தைகள் சொல்லிக் கொடுத்தாள். ஆகலி என்றால் பசி. கடுப்பு நொப்பி என்றால் வயிற்றுவலி. பயங்கா உந்தி, அதாவது பயமாக இருக்கிறது என்று சொல்லி எந்தப் பிள்ளையாவது அழுதால் என்ன ஏது என்று கேட்காமல் முதலில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். எப்புடு என்றால் எப்போது, மள்ளி என்றால் மறுபடியும். கதை சொன்னால் முடித்ததுமே மள்ளி, மள்ளி என்பார்கள், சலித்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குக் கிளம்பும்போது வஸ்தா என்பார்கள், வருகிறேன் என்று அர்த்தம். பர்ஹீன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். தப்பாகச் சொன்ன இடத்தில் அனுசுயா அவள் கையை எடுத்துத் தொண்டையில் வைத்தாள். அத்தனை வருஷப் படிப்பையும் அந்த வராந்தாவில் வைத்துப் பிரித்துக் கொடுக்கிறாள் என்று தோன்றியது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பர்ஹீன் வீட்டுக்கு வந்தாள். சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் சலாம் சொல்லிவிட்டு, என்னை மட்டும் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பசங்க நல்லாத்தான் இருந்தாங்கப்பா. ஸ்கூல் விடும்போது ஒரு பொண்ணு அனுசுயாக்கா பொடவையைப் புடிச்சுகினு நின்னுச்சு. 'மள்ளி எப்புடு வஸ்தாரு'ன்னு கேட்டுச்சு. அக்கா அது தலையைத் தடவினாங்க. அப்புறம் குனிஞ்சு, 'வஸ்தா'ன்னு சொன்னாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காலைலதானே அந்த வார்த்தையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. தெரியாம இருந்திருந்தா, ஏதோ பேசிக்கறாங்கன்னு இருந்திருப்பேன்."